தகரத் தவளையும் துரை பங்களா நாயும்

கந்தப்பன் தகரத் தவளையின் முதுகை மறுபடியும் அழுத்தினான். அது 'டிக்' என்றது. புல்வெளியில் படுத்திருந்த டிம்மி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளை வெளேரென்று, முயலைவிடக் கொஞ்சம் பெரிதான குட்டி நாய் அது. கந்தப்பனின் பிழைப்பு முழுவதும் இப்போது அதன் கையில்தான் இருந்தது.

அவன் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் சமையல்காரன். ஒரு காலத்தில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவன்தான். சரிவில் உருண்டு முழங்கால் போன பிறகு, துரைசாணி இரக்கப்பட்டு அடுப்படியில் சேர்த்துக்கொண்டார். இனி கத்தியைப் பிடித்து மலையேற அவனால் ஆகாது. வேலை இல்லாதவனுக்குத் தோட்டத்தில் குடியிருக்க லயத்துக் காம்பராவும் இல்லை. மனைவி வீரம்மாவையும் சட்டிபானையையும் வைத்துக்கொண்டு ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

லண்டனில் புது ராணிக்கு முடி சூட்டிய வருடம் அது. துரைசாணி நுவரெலியாவில் இந்தக் குட்டியை வாங்கித் துரையிடம் கொடுத்துவிட்டு, அதே வாரம் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். கொழும்புவரை காரோட்டிப் போன டிரைவர் அழகுமுத்து, கார் பழுதாகி அங்கேயே தங்கிவிட்டான்.

இதற்கு முன் பங்களாவுக்கு வந்த நாய் எதுவும் நிலைத்ததில்லை. ஒன்று பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்று லயத்தில் காளியாயி வீட்டுக் கோழிகளோடு குடித்தனம் நடத்தியது. இன்னொன்றைத் தலவாக்கலை ஸ்டேஷனில் பார்த்தவர்கள், அது ரயிலுக்குக் காத்திருந்த மாதிரி தெரிந்ததாகச் சொன்னார்கள். நாய்களுக்குப் படிப்பு இல்லாததுதான் காரணம் என்று துரை முடிவு செய்தார்.

அதற்குத்தான் சீமையிலிருந்து தகரத் தவளை வந்தது. அதை அழுத்த வேண்டும், உடனே ஒரு துண்டு ஈரல் கொடுக்க வேண்டும். பழகிவிட்டால் நாய் அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவரும். அப்புறம் சொன்னதை அது சரியாகச் செய்கிற நேரத்தில் ஒரு 'டிக்', ஒரு ஈரல் என்று எந்த வித்தையையும் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது துரை படித்த சீமைப் பத்திரிகையின் கணக்கு.

"நாய் அடிக்க வேணாம். சத்தம் போட வேணாம்," என்று தவளையைக் கந்தப்பனிடம் கொடுத்தார் துரை. அவர் சொன்னது கீழே கடைசி லயம்வரை கேட்டது.

கோபம் இல்லாதபோதும் அவருக்குக் குரல் அதுதான். அவர் வாயைத் திறந்தால் கந்தப்பனின் தோள் இரண்டும் காதுவரை ஏறும், கண் இறுக மூடிக்கொள்ளும். இத்தனை வருடம் ஆகியும் அது பழகவில்லை. டிம்மி மட்டும்தான் அந்தக் குரலுக்கு அசராமல் அவர் நாற்காலிக்குக் கீழேயே தூங்கியது. தைரியசாலி நாய் என்று துரைக்கு ஒரே பெருமை. இப்படிப்பட்ட நாய் மாதக் கடைசிக்குள் படிக்கவில்லை என்றால் தப்பு வாத்தியார் மேல்தான், வாத்தியார் மலைக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

தவளையின் சத்தம் போதவில்லை என்று கந்தப்பனுக்குத் தோன்றியது. மூக்குப்பொடி டப்பாவின் மூடியைத் தட்டிப் பார்த்தான். பொடி பறந்து அவனே தும்மிக்கொண்டிருந்தபோது, டிம்மி ஈரல் முழுவதையும் தின்றுவிட்டது. பிஸ்கட் டின்னை அகப்பையால் அடிக்கச் சொன்னாள் வீரம்மா. அடித்தான். டின் நசுங்கியது, பக்கத்தில் இருந்த பீங்கான் கோப்பை விழுந்து உடைந்தது. டிம்மி ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கந்தப்பன் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினான். அழுகை வந்தது.

அந்த வழியாக வந்தான் மூக்கன். விடியற்காலையில் தப்படித்துத் தோட்டத்தையே வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எழுப்புகிறவன் அவன். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் தப்புக்கு எழும்பாத உயிர் இந்த மலையில் இல்லை என்றான். துரையும் மோட்டார் சைக்கிளில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தார். தப்பு பங்களாவின் பின்புறத்துக்கு வந்தது.

மூக்கன் ஓங்கி ஓர் அடி அடித்தான். ஈரல் தட்டோடு எதிரே நின்ற கந்தப்பனின் தோள் தூக்கிப் போட்டது, கண் மூடிக்கொண்டது. கண்ணைத் திறந்து ஒரு துண்டைக் கொடுத்தான். மறுபடி அடி, மறுபடி துண்டு. கொஞ்ச நேரத்தில் அந்த அதிசயம் நடந்தது. அடி விழுந்ததும் டிம்மி பாய்ந்து வந்து கந்தப்பனின் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது.

கந்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. நிறுத்தாமல் அடிக்கச் சொன்னான். மூக்கனும் நெருப்பில் தப்பைக் காய்ச்சிக்கொண்டு வந்து மலையே அதிர அடித்தான்.

மலை அதிர்ந்ததுதான் வினையாகப் போயிற்று. பகலில் தப்புச் சத்தம் கேட்டால் அது சாவுதான். சத்தம் வந்ததோ பங்களாப் பக்கமிருந்து. துரைசாணி சீமையில் இருக்கிறார் என்றால், செத்தது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. கொழுந்தெடுத்த பெண்கள் கூடைகளை இறக்கினார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் பின்னால் கூட்டம் பங்களாவுக்கு வந்து சேர்ந்தது. கொழுந்தெடுத்த வேலாயி புல்வெளியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"மலையதிர ஏசுன மகராசா, இனி எங்கள ஆரு ஏசுவா..."

மோட்டார் சைக்கிள் பின்னாலிருந்து வந்தது. கடைசியில் நின்றவர்கள் பழக்கத்தில் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். யாருக்கு வழிவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. வேலாயி மட்டும் கண்ணைத் திறக்காமல் அவருடைய பூட்ஸ் கால் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அழுதாள்.

"யார் செத்தது?" என்று கேட்டார் துரை.

கண்டாக்கு ஐயா தொப்பியைத் தலையில் வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார். கந்தப்பன்தான் ஈரல் தட்டோடு நொண்டி நொண்டி முன்னால் வந்தான்.

"யாரும் சாகலீங்க தொரை. நாய்க்குப் பாடம் நடந்துச்சுங்க."

துரை அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கையை நீட்டினார். கந்தப்பன் மடியிலிருந்த தவளையை எடுத்துக் கொடுத்தான். டிம்மி தூரத்தில் ரோஜாச் செடிக்கடியில் படுத்து, ஈரல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. துரை தவளையை அழுத்தினார். நாய் அசையவில்லை. விடாமல் அழுத்தினார். அப்போதும் அசையவில்லை.

கந்தப்பன் வீரம்மாவைத் தேடினான். கூட்டத்தின் ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இத்தோடு காம்பராவும் போயிற்று என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"கந்தப்பன்!" என்று துரை கர்ஜித்தார்.

கந்தப்பனின் தோள் காதுவரை ஏறியது, கண் மூடிக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது, துரையின் பூட்சுக்கும் அவனுடைய வெறுங்காலுக்கும் நடுவில் டிம்மி உட்கார்ந்திருந்தது.

துரை குனிந்து நாயைப் பார்த்தார். மூக்கனிடம் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ரோஜாச் செடிக்கடியிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். அவன் திரும்பி வந்ததும், துரை கந்தப்பனின் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொரு தடவை கர்ஜித்தார். கந்தப்பனின் தோள் மறுபடி காதுவரை ஏறியது. டிம்மி பாய்ந்து வந்து உட்கார்ந்தது. துரையின் கண் கலங்கிவிட்டது. தன் குரலைப் புரிந்துகொண்ட முதல் உயிர் இதுதான் என்று இங்கிலீஷில் கண்டாக்கு ஐயாவிடம் சொன்னார். தவளையைத் தேயிலைக்குள் வீசினார். கந்தப்பன் சாகும்வரை பங்களாவிலேயே இருக்கலாம் என்றும் எல்லோரும் கேட்கச் சொன்னார். வீரம்மா, இத்தனை நேரம் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

பொழுது சாயக் கொழும்பிலிருந்து கார் வந்தது. அழகுமுத்து கையைக் கழுவிக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்தான். கந்தப்பன் தேத்தண்ணீரைக் கொடுத்து, நாய்க்குச் சத்தம் பழக்கிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். காதுதான் எல்லாப் படிப்புக்கும் வாசல் என்று, வாத்தியார் தோரணையிலேயே முடித்தான்.

அழகுமுத்து கோப்பையைக் கீழே வைத்தான்.

"தொரைசாணி காது கேக்காத குட்டியா வேணும்னு நுவரெலியா பூரா தேடித்தானேண்ணே இத வாங்குனாங்க. காது கேக்குற நாய் எதுண்ணே இந்தப் பங்களாவுல தங்குச்சு?"