கல்லூரிப் படி ஏறாத ஜூனியர்

"அடடே, நீ சொங்வோல் யுனிவர்சிட்டியா! எந்த பேட்ச்?"

மேனேஜர் பியோ போட்ட சத்தத்தில் நாரேயின் கையிலிருந்த கிம்பாப் சோற்றுச் சுருள் துண்டு மேஜையில் உருண்டது. அவர் கையில் அவளுடைய ஃபைல். மூக்குக் கண்ணாடி மட்டும் நெற்றிக்கு மேலே. சான்றிதழில் கொட்டை எழுத்தில் இருந்த பல்கலைக்கழகப் பெயரைப் படித்தவர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த 'இணையவழிக் கல்விப் பிரிவு' என்பதை விட்டுவிட்டார்.

"ரெண்டாயிரத்துப் பத்தொன்பது பேட்ச், சார்," என்றாள் நாரே. அதில் பொய்யே இல்லை. வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து படித்த பேட்ச்.

"நான் தொண்ணூத்திமூணு! இனிமே சார், மோர்னு கூப்பிட்டே, எனக்குக் கெட்ட கோவம் வரும். சீனியர்னு கூப்பிடு!"

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் இதே மனிதர், இணையத்தில் படித்த ஒருவனின் விண்ணப்பத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டிருந்தார். "போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு வாங்கினதெல்லாம் ஒரு டிகிரியா?" என்று ஆபீஸே அதிரக் கேட்டிருந்தார். நாரே அந்த நூடுல்ஸ் கம்பெனியில் ஒப்பந்த ஊழியை. மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. வேலை நிரந்தரமாக பியோவின் முத்திரை விழவேண்டும். அவளுக்கு அந்த வேலை வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

சீனியர் பக்கத்தில் இருக்கும்போது ஜூனியர் பர்ஸைத் தொடலாமா? அன்றிலிருந்து மதியச் சாப்பாடு தினமும் பியோ கணக்கு. சாப்பாட்டோடு கல்லூரிக் கதையும் இலவசம்.

"பின்வாசல் அக்கா கடை சூப்பு ஞாபகமிருக்கா?"

"மறக்க முடியுமா, சீனியர்!"

"காரம் எப்படி?"

நாரே விழித்தாள். "அது வந்து... நான் அவ்வளவா வெளியே சுத்தமாட்டேன், சீனியர். கூச்ச சுபாவம்."

பியோவுக்கு மனசு கேட்கவில்லை. "ஐயோ பாவமே! நாலு வருஷமும் ஒரு கூட்டாளி இல்லாமயா படிச்சே? இரு, இப்பவே வழி பண்றேன்." சொன்ன கையோடு அவளைப் பழைய மாணவர் அரட்டைக் குழுவில் சேர்த்துவிட்டார்.

அங்கே அறுபத்துமூன்று சீனியர்கள். 'வா கண்ணு வா' என்று வரவேற்ற கையோடு, 'பத்தொன்பது பேட்ச்ல உன்கூட யாரு யாரு?' என்று பிடித்துக்கொண்டார்கள். 'நடுவில் ரெண்டு வருஷம் லீவு போட்டேன், யாரையும் தெரியாது' என்று தட்டி அனுப்பினாள். அப்பாடா என்று போனை வைப்பதற்குள் குழுவின் தலைவி எழுதினாள்: 'அப்போ நம்ம கூட்டத்துலயே நீதான் கடைக்குட்டி! மே பதினஞ்சு, ஆசிரியர் தினத்துக்குப் பேராசிரியர் ஓக் சட்டையில நீதான் பூ குத்தணும். ரிட்டயர் ஆகப் போறார். எல்லாரும் வர்றோம்.'

விழா நாள் காலையில் நாரே, 'காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை' என்று பியோவுக்குத் தகவல் அனுப்பிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நாற்பது நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. வாசலில் கோட்டு சூட்டோடு பியோ. ஒரு கையில் ஆவி பறக்கும் கஞ்சி, இன்னொரு கையில் கார் சாவி.

"ஜூனியர் படுத்துக் கிடக்கா, சீனியர் சும்மா இருப்பானா? இந்தக் கஞ்சி உள்ள போனா காய்ச்சல் ஓடிடும். குடி, நான் இருக்கேன்."

டப்பா கஞ்சி முழுவதையும் அவர் கண் முன்னாலேயே குடித்துத் தீர்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "பாத்தியா, ஓடிப்போச்சு! கெளம்பு, கெளம்பு."

விழா மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். முன்வரிசை நாற்காலியில் பேராசிரியர் ஓக், தலை முழுக்க வெள்ளை, கன்னம் முழுக்கச் சிரிப்பு. நாரே தரையைப் பார்த்தபடியே போய், அவர் சட்டையில் சிவப்புக் கார்னேஷன் பூவைக் குத்தினாள். திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தவளின் கையைப் பேராசிரியர் பிடித்துக்கொண்டார்.

"நாரேதானே? சனிக்கிழமை பத்து மணி வகுப்பு! திரையில மேல இடது பக்கக் கட்டம் உன்னுதுதானே? எல்லாரும் கேமராவ அணைச்சு வெச்சாலும் நீ மட்டும் ஒரு நாளும் அணைக்கமாட்டே. பூனை சௌக்கியமா? பரீட்சை நடக்கும்போது கீபோர்டு மேல நடந்துச்சே!"

அறுபத்துமூன்று தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"திரையா?" என்றார் பியோ. முகம் மிளகாய் விழுதுபோலச் சிவந்தது. "நீ ஆன்லைனா? ரெண்டு மாசமா எனக்குக் காது குத்தினியா?"

"சீனியர்... சார்... ஃபைல்ல எழுதியிருந்துச்சு, நீங்கதான்..." என்று இழுத்தாள் நாரே. வேலை போனது போனதுதான்.

"பேசாதே! திங்கக்கிழமை உன் ஃபைல என்ன பண்றேன் பாரு." பியோ பேராசிரியர் பக்கம் திரும்பி இடுப்பு வரை குனிந்து வணங்கினார். "மன்னிச்சிடுங்க, ஐயா. படிப்புன்னா, மழையோ பனியோ, நேர்ல வந்து வாத்தியார் முன்னாடி உக்காந்து படிக்கணும். நாங்கல்லாம் அப்படிப் படிச்சவங்க. இதுங்களுக்கு என்ன தெரியும்?"

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பியோவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாருன்னு தெரியலையே."

"என்னைத் தெரியலையா, ஐயா? பியோ கிஜுங்! தொண்ணூத்திமூணு பேட்ச்!"

"அட, நீதான் அந்த பியோ கிஜுங்கா!" பேராசிரியர் அவர் இரண்டு கைகளையும் ஆசையாகப் பற்றிக்கொண்டார். "நாலு வருஷத்துல உன் பேருக்கு 'உள்ளேன் ஐயா'ன்னு ஏழு குரல் கேட்டிருக்கேன்பா, அதுல ஒண்ணு பொம்பளப் பிள்ள குரல். உன் முகத்த இன்னைக்குத்தான் பாக்கறேன்!"