வியாழக்கிழமை போன்

நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த வருஷம் அது. லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவெடுத்தார். ஏழு மாசக் கர்ப்பிணி மனைவியின் மனசில் ஒரு தூசி விழ விடக் கூடாது.

இன்றைக்கு மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த நாட்களை நினைத்தால் மனுஷனுக்கு இப்போதும் பாதி வெட்கம், பாதி ஏக்கம். இரண்டு அறை, ஒரு ஜன்னல், நாள் முழுக்க இரண்டே பேர். அப்படி ஒட்டிக்கொண்டு இருந்தது பிறகு வாய்க்கவே இல்லை.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே நின்று தைரியம் சொல்லிப் பழகிய குரல் அவருடையது. அதையே வீட்டிலும் எடுத்துவிட்டார்.

"பயப்படாதே. நான் இருக்கேன்."

"நான் வெண்டைக்காய்தாங்க நறுக்கறேன்."

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே விடுவதில்லை. அவள் பரிசோதனைக்குப் போவாள். இவர் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் காய்வார். பிரசவத்தன்றும் இதே கதிதானா என்பதுதான் அவரை அரித்தது.

வியாழக்கிழமை தோறும் அவர் போனுக்கு நர்ஸ் கூப்பிடுவார். அம்மாவாகப் போகிறவளின் மனசு எப்படி என்று பத்துக் கேள்வி. கேட்டுக் கேட்டே அவளுக்கு இல்லாத பயம் வந்துவிடுமே. இவர் போனோடு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார்.

முதல் தடவை எல்லாவற்றுக்கும் "சூப்பர் சிஸ்டர்" என்றார்.

"எல்லாமே சூப்பர்னா நான் எழுத மாட்டேன் சார். உள்ளதைச் சொல்லுங்க."

உள்ளதைக் கேட்க அவளிடம் போக முடியாது. கைவசம் இருந்தது தன் மனசு ஒன்றுதான்.

"தூக்கம்?"

"விடியறதுக்கு முன்னாலயே முழிப்பு வந்துடுது. அவளுக்கு."

"சாப்பாடு?"

"தொண்டையில இறங்கல. அவளுக்குத்தான்."

"அழுகை வருதா?"

இவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். "குளிக்கும்போது. குழாயைத் திறந்து விட்டுட்டு."

"யாருக்கு வராது சார்? இன்னும் சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

அவள் கீழே இரண்டாவது தட்டு சோற்றை முடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

வாராவாரம் இவர் மாடியேறும்போது மூட்டை சுமப்பவர் போல ஏறுவார், இறங்கும்போது பஞ்சு. அவளைக் காப்பாற்றுகிற பெருமைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் மாசம் நர்ஸ் சொன்னார்: "பிரசவ அறைக்குள்ள ஒருத்தரை விடறாங்க. நல்லாத் தேறிட்டார், விடலாம்னு எழுதிட்டேன்."

"தேறிட்டாரா? யாரு?"

"நீங்கதான் சார். வியாழக்கிழமை அப்பாக்களுக்கு. அம்மாக்கள்கிட்ட திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலேயே பேசிடுவோம். 'உங்களுக்கு எப்படின்னு கேட்டா அவர் வாயைத் திறக்க மாட்டார், பொண்டாட்டிக்கு எப்படின்னு கேளுங்க, எல்லாம் கொட்டிடுவார்'னு உங்க வீட்டுக்காரம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க."

கீழே வந்தார். அவள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரியுமா உனக்கு?"

"ஏங்க, ரெண்டு அறைக்குள்ள எதைங்க ஒளிக்க முடியும்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குட்டிச் சட்டையை எடுத்து மடித்தார். கோணலாக வந்தது. அதை வாங்கி அவள் திரும்ப மடித்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்து, "பிரசவத்துக்கு என்னை உள்ள விடறாங்களாம்" என்றார்.

"தெரியும். உங்களை உள்ள விட என் சம்மதம் வேணும்னு என்கிட்டதான் முதல்ல கேட்டாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."