மாமியார் சொன்னதும் போலீஸ் கேட்டதும்

அன்புள்ள மோர்வென் அக்காவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. குழந்தை இப்போதுதான் கண்ணை மூடினான். பேனா கீறும் சத்தத்துக்கே புரண்டு படுக்கிறான். இங்கே எல்லாரும் சௌக்கியம். அபர்டீனில் நீயும் அத்தானும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இவர் எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து கரை திரும்ப இன்னும் நாளிருக்கிறது. அதற்குள் அவருடைய அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டால் நான் அவருக்கு என்ன பதில் சொல்வேன்? நீ வக்கீல், அதனால் உன்னைக் கேட்கிறேன். அதைவிடப் பெரிய கவலை எதிர்வீட்டு ரோனா. அவள் இனி எங்கள் படி ஏறுவாளா என்று தெரியவில்லை. வயிற்றுவலியில் இவன் வீறிட்டபோதெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் அவள்தான்.

புத்தாண்டு மணி அடித்த பிறகு வாசலில் முதல் கால் வைப்பது உயரமான, கறுப்பு முடி ஆணாக இருக்க வேண்டும், கையில் கரித்துண்டு இருக்க வேண்டும், தவறினால் வருஷம் முழுக்க விளங்காது என்பதில் என் மாமியார் ஜெஸ்ஸி எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். எங்கள் தெருவில் உயரமும் கறுப்பு முடியும் சேர்ந்து வாய்த்தது ரோனாவுக்குத்தான். ஆண் என்று எல்லாரும் நினைத்திருந்த காலமெல்லாம் அவள்தான் பனியில் வீடு வீடாகக் கரியோடு ஏறி இறங்கினாள். போன வசந்தத்தில், வெறுப்பைத் தூண்டிப் பேசினால் வழக்கு என்கிற வெறுப்புக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்து ஊர் இரண்டுபட்டுக் கிடந்த அதே சமயத்தில், "நான் பெண், என் பேர் ரோனா" என்று தெருவில் எல்லாருக்கும் சொன்னாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தையைப் பார்த்தது. அத்தையோ, "அப்படியா? அப்போ நான் பின்னிட்டிருக்கற கம்பளிச் சட்டை உனக்குத் தோள்ல சரியா வராதே" என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வருஷக் கடைசி நாள் கறிக்கடை வரிசை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். அந்த வரிசையில் நின்றுகொண்டு அத்தை, காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கே உரிய குரலில், "இந்த வருஷம் ரோனா நம்ம வீட்டுப் படியில முதல்ல ஏறக் கூடாது, சொல்லிட்டேன்!" என்றார். கத்தி வெட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது. எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருத்தி கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பிளேர். திருநர் உரிமைக்காகக் கொடி பிடிப்பவள். இன்னொருவர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் டால்க்ளீஷ். அந்தச் சட்டம் வந்ததிலிருந்து பேச்சுரிமை செத்துவிட்டது என்று சட்டையில் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு திரிபவர். பிளேர் போனை எடுத்தாள். டால்க்ளீஷ் கண் கலங்கி, "சபாஷ் ஜெஸ்ஸி! சொல்றதுக்கு ஒருத்தராவது இருக்கீங்களே" என்றார். "அத்தை, மெதுவா" என்றேன் நான். "எதுக்கு மெதுவா? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானே!" என்றார் அத்தை, இன்னும் உரக்க.

மறுநாள் காலை அழைப்பு மணி. அதுவரை அத்தை யாரையும் உள்ளே விடவில்லை. கதவைத் திறந்தால் போலீஸ்காரர். நான் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். அத்தையின் முகமோ மலர்ந்தது. ஆறடிக்கு மேல், கறுப்பு முடி!

"கையில கரி இருக்கா தம்பி?"

"இல்லீங்கம்மா, ஒரு புகார் விஷயமா..."

"வெறுங்கையோட உள்ள வராதே. கொட்டகையில இருக்கு, எடுத்துட்டு வா."

அந்த மனுஷன், பாவம், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரித்துண்டோடு உள்ளே வந்தார். விசாரணை தொடங்கியது.

"ரோனா வரக் கூடாதுன்னு ஏம்மா சொன்னீங்க?"

"பொம்பளை முதல் கால் வெச்சா குடும்பம் விளங்குமா?"

"அதாவது, அவங்க பொம்பளையே இல்லைன்னு..."

"உனக்குக் காது மந்தமா? பொம்பளைங்கறதுதான் பிரச்சினையே! இல்லாட்டி ராத்திரியே கூப்பிட்டிருக்க மாட்டேனா?"

அவர் பேனாவை மூடினார். "திருநர்ங்கற காரணத்துக்காக வெறுப்பைக் கிளப்பினா சட்டம் இருக்கும்மா. அதுக்கும் மிரட்டியிருக்கணும், இல்ல இழிவாப் பேசியிருக்கணும். ஆனா பொம்பளைன்னு வாசல்ல நிறுத்தினா, அது இந்தச் சட்டத்துலேயே இல்ல."

அதுவரை கதவோரம் நின்றிருந்த நான், "ஏன் இல்ல?" என்று கத்திவிட்டேன், அக்கா. மாமியாரை மாட்டிவிடப் பார்த்த மருமகள் என்று நாளைக்குப் பேர் வருமோ? "என்னைக் கேட்டா, மேடம்? மேல எழுதிப் போடுங்க" என்று அத்தை கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டுப் போய்விட்டார். புகாரை முடித்தாரா இல்லையா என்று சொல்லவே இல்லை.

மத்தியானம் ரோனா வந்தாள். கண் சிவந்திருந்தது. "கறிக்கடையில என்ன சொன்னீங்க ஜெஸ்ஸிம்மா?" அத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லிக் காரணத்தையும் சொன்னார். ரோனா படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள், கண்ணீர் வருமளவுக்கு. "ஊரே நான் யாருன்னு பட்டிமன்றம் நடத்துது. சாதாரணப் பொம்பளைன்னு நெனச்சு என்னைத் தள்ளி வெச்ச முதல் ஆள் நீங்கதான்." நான் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் எழுந்து நின்றாள். "அது சரி, பொம்பளைன்னா ஏன் வெளிய நிக்கணும்? எந்தக் காலத்துல இருக்கீங்க?"

"பாத்தியா இஷ்பெல், வாய் வந்துடுச்சு இவளுக்கு!" என்று அத்தை என்னிடம் முறையிட்டார்.

"வாய் எப்பவுமே இருந்துச்சு. நீங்கதான் கேக்கல!"

வெளிக்கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனவள்தான், இன்னும் வரவில்லை. குழந்தை சாயங்காலமெல்லாம் சன்னலையே பார்த்தான். இதற்கிடையில் டால்க்ளீஷ் சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் கூட்டம் போடுகிறாராம்; துண்டறிக்கையில் அத்தையின் படம், கீழே 'அஞ்சாத தாய்'. அதே நேரம் வாசலில் பிளேர் கூட்டம் மறியல். அத்தைக்கு இருக்கும் கவலையெல்லாம் எந்தத் தொப்பி போடுவது என்பதுதான். நான் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்ப வேண்டியவள். என் பேரும் இதில் அடிபடுமா?

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கு இவனுடைய எச்சில் முத்தம். புது வருஷத்தில் உன் வீட்டில் எந்தக் குறையும் வராதிருக்கட்டும்.

உன் தங்கை
இஷ்பெல்

பி.கு.: தபாலில் போடுமுன் காலையில் சேர்த்து எழுதுகிறேன். மேலே எழுதிய கவலையெல்லாம் வீண். அத்தையிடம் பேச்சை எழுதி வாங்க வந்த டால்க்ளீஷ், அத்தை ரோனாவைப் பெண் என்றே நினைக்கிறார் என்று தெரிந்ததும் வெளுத்துப் போனார். பெண்களைப் பற்றி அத்தை என்ன நினைக்கிறார் என்று தெரிந்த பிளேர் சிவந்து போனாள். ஏப்ரலிலிருந்து முகம் பார்க்காத இரண்டு பேரும் இப்போது தேநீர்க் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஜெஸ்ஸியைக் கூடத்தில் பேச விடக் கூடாது என்று ஒரே மனுவை எழுதுகிறார்கள். அதைக் கேட்டதும் ரோனா கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தாள். குழந்தை அவளிடம் தாவிவிட்டான். "ஜெஸ்ஸிம்மா சொல்றது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஆனா சொல்ல விடணும். அப்பத்தானே நான் எழுந்து பதில் சொல்ல முடியும்?" என்கிறாள். அவளும் அத்தையும் சமையலறையில் ஒருவர் பேச்சை ஒருவர் திருத்திக்கொண்டு கத்துகிறார்கள். சனிக்கிழமை கூட்டத்தை இனி இவர்களே நடத்துகிறார்களாம்; தலைமை நான்தானாம். அக்கா, சீக்கிரம் பதில் எழுது.