குடை பிடித்து வந்த மனிதர்

உலகத்தில் மரியாதைக்கென்று ஒரு தலைநகரம் அமைக்கப்படுமானால் அது வேல்ஸ் நாட்டின் கும் தவெல் என்ற எங்கள் ஊரில்தான் அமையும். ஊரின் 'ஆச்சரிய வரலாற்றுக் குழு'த் தலைவர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் நாட்டில் ஆச்சரியங்களுக்குப் பஞ்சமில்லை. வடக்கே ஓர் ஊரில் புகழ்பெற்ற நாயின் கல்லறை இருக்கிறது. நாய் இருந்ததற்குத்தான் ஆதாரமில்லை. இன்னோர் ஊர், ரயிலில் போகிறவர்களை இறங்கவைப்பதற்காகவே தன் பெயரை முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டது. எல்லை தாண்டி இங்கிலாந்தின் செஸ்டர் நகரில், இருட்டிய பிறகு வெல்ஷ்காரனை வில்லால் எய்யலாம் என்று ஒரு பழைய சட்டம் இருக்கிறதாம். சட்டம் இல்லை. சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் மட்டும் எதுவும் நடந்ததில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான் குழு. உறுப்பினர்கள்: இறைச்சிக்கடை எமிர், சவப்பெட்டி டெக்வின், பள்ளி ஆசிரியை ஹெலெத். எங்கள் ஊரில் தொழில் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். டெக்வின் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

பள்ளிப் பரணிலிருந்து ஹெலெத் ஒரு சிறு மரப்பலகையைக் கொண்டுவந்தாள். எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் படித்த காலத்தில், பள்ளியில் ஆங்கிலத்தை விட்டு எங்கள் தாய்மொழியான வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மாட்டப்பட்டது அது. மாட்டிக்கொண்டவன், வேறொருவன் வெல்ஷ் பேசுவதைக் கேட்டால் அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். மாலை மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி.

"அருமையான விளையாட்டு" என்றார் எமிர். "சனிக்கிழமை ஊர் முழுக்க ஆடலாம். ஜெயிச்சவனுக்கு என் கடை சாஸேஜ்."

"பிரம்படி வாங்கறவன்தான் ஜெயிச்சவனா?" என்றாள் ஹெலெத்.

"காலம் மாறிப்போச்சு டீச்சர்."

ஹெலெத்தின் கவலை வேறு. அதே சனிக்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். வெல்ஷ் வழியில் நடக்கும் அவளுடைய பள்ளி இருக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல.

"வகுப்புல பிள்ளைங்க பேசறது வெறும் பாடம், அது கணக்குல வராதுன்னு சொல்லிட்டாங்க. வெளியில ஊரு பேசுதான்னுதான் பார்க்க வர்றாரு. பேசலைன்னா பிள்ளைங்களைப் பஸ்ல ஏத்தி டவுன்ல இருக்கற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்க."

"இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்றேன்.

"ஒண்ணுமே செய்ய வேணாம். எப்பவும் போலப் பேசுங்க."

"நான் பொணத்துக்கிட்டகூட வெல்ஷ்லதாம்மா பேசுவேன்" என்றார் டெக்வின்.

"அதுங்க என்ன சொல்லும்?" என்றார் எமிர்.

"இதுவரைக்கும் இங்கிலீஷ்ல பதில் சொன்னதில்ல."

இங்கே எங்கள் ஊரின் உயரிய பண்பாடு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பத்துப் பேர் வெல்ஷில் பேசிக்கொண்டிருக்கும்போது அது தெரியாத ஒருவர் உள்ளே வந்தால், பத்துப் பேரும் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். எழுவாய் வெல்ஷில் இருந்தால் பயனிலை ஆங்கிலத்தில் வந்து சேரும். வந்தவர் மூலையில் உட்கார்ந்து தூங்கினாலும் சரி. வெளியூர்க்காரர் மனம் புண்படக் கூடாது.

சனிக்கிழமை மழை. தலைவர் என்பதால் பலகை முதலில் என் கழுத்தில் ஏறியது. அதிகாரி காரிலிருந்து இறங்கி முதல் வேலையாகக் குடையை விரித்தார்.

"விட்டேக்கர்னு பேராம்" என்று டெக்வின் என் காதில் ஓதினார். "மழைக்குக் குடை வேற பிடிக்கறான். அசல் இங்கிலீஷ்காரன்."

இறைச்சிக்கடையில் எமிரும் ஒரு வாடிக்கையாளரும் ஆட்டுத்தொடை பற்றி வெல்ஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பலகையைக் கழற்றத் தயாரானேன். அதிகாரி நுழைந்தார். சண்டை அப்படியே ஆங்கிலத்துக்கு மாறியது. கோபம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

அதிகாரி வெல்ஷில் காலை வணக்கம் சொன்னார். சுற்றுலா வருகிற எல்லோரும் அந்த இரண்டு சொல்லைக் கற்றுக்கொண்டு வருவார்கள்.

"நல்லாப் பேசறீங்களே சார்" என்று எமிர் ஆங்கிலத்தில் பாராட்டினார்.

அதிகாரி சாஸேஜைக் காட்டி வெல்ஷில் ஏதோ கேட்கத் தொடங்கினார்.

"சிரமப்படாதீங்க சார். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்."

அஞ்சலகத்திலும் அதே கதை. தேநீர்க்கடையில் அவர் வாயைத் திறந்தார். கடைக்காரி கனிவோடு அதை மூடிவைத்தாள். பிறகு அவர் முயலவில்லை. பேசாமல் நடந்தார். பின்னால் நான் நடந்தேன், பலகையோடு. அவர் போகும் தெருவெல்லாம் ஆங்கிலம் அவருக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டது.

"என்ன தலைவரே, இன்னும் உங்க கழுத்துலதானா?" என்று கேட்டார் டெக்வின். அதையும் ஆங்கிலத்தில் கேட்டார்.

மாலையில் ஊர் மன்றத்தில் கூடினோம். ஹெலெத் எழுந்தாள். இந்த மொழி எங்கள் மூச்சு என்றாள். பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்காதீர்கள் என்றாள். அதிகாரிக்குப் புரிய வேண்டுமே என்று அத்தனையையும் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கே கண் கலங்கியது.

அதிகாரி எழுந்து பதில் சொன்னார். வெல்ஷில். எங்கள் பள்ளத்தாக்கின் இழுவை மாறாத வெல்ஷில்.

"எங்கம்மா மலைக்கு அந்தப் பக்கத்து ஊரு. எனக்கு வெல்ஷ் தெரியும்னுதான் என்னை அனுப்பினாங்க. காலையிலேருந்து யாராவது ஒருத்தர் பேசுவீங்களான்னு காத்திருந்தேன். நானே பேசினாலும் வாயத் திறக்க விடலையே நீங்க. காதுல விழாததைக் கேட்டேன்னு நான் எப்படிம்மா சொல்றது?"

கூரையில் மழை பேசியது.

கடைசியில் டெக்வின்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னார்: "ரொம்ப நல்லாப் பேசறீங்க சார்."

ஹெலெத் வெளியே போனாள். பள்ளி மணியை அடித்தாள். ஆட்டம் முடிந்தது. நான் பலகையைக் கழற்றப் போனபோது அவள் வாசலில் நின்றாள்.

"இருக்கட்டும் தலைவரே. உங்களுக்குப் பொருத்தமா இருக்கு."

அந்தக் காலத்தில் இந்தப் பலகையை வேலைசெய்ய வைக்க ஓர் ஆசிரியரும் ஒரு பிரம்பும் வேண்டியிருந்தது. நாங்கள் இரண்டுமில்லாமல் ஒரே நாளில் சாதித்துக்காட்டினோம். எங்கள் ஊருக்கும் ஓர் ஆச்சரியம் கிடைத்துவிட்டது.

அடுத்த பருவத்திலிருந்து பிள்ளைகளைப் பஸ் வந்து ஏற்றிப்போகும். டிரைவருக்கு வெல்ஷ் தெரியாது என்று கேள்வி. பஸ்ஸில் மரியாதையாக நடந்துகொள்ளும்படி பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம்.