யாரும் சாகாத ஒரு கவிதை

தம்போயில் இரங்கல் அண்ணன் கையால் சாகாதவர்கள் கிடையாது. உயிரோடு இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நானே இரண்டு முறை செத்திருக்கிறேன். ஒரு முறை பல் வலிக்கு லீவு போட்டபோது, இன்னொரு முறை அக்காள் கல்யாணத்துக்கு.

பதறாதீர்கள். அவர் பஸ் டிரைவர். ஜொகூர் மாநிலத்தில், தம்போயிலிருந்து கெலாங் பாத்தாவில் இருக்கும் எங்கள் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுபவர். உண்மையான பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கும், நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நம் ஊர்த் தமிழ்ப் பத்திரிகைகளில் நினைவஞ்சலி விளம்பரம் வருமில்லையா, படத்துக்குக் கீழே நாலு வரிக் கவிதையோடு? எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டில் யார் இறந்தாலும் அந்த நாலு வரியை எழுதிக் கொடுப்பவர் அவர்தான். ஒரு கோப்பை தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் போதும், இறந்தவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் குலவிளக்காகிவிடுவார். குடித்துவிட்டுத் தெருவையே அலற வைத்த ஒருவருக்கு 'தென்றலாய் வந்தாயே' என்று எழுதிவிட்டார். அந்த மனிதரின் மனைவி பத்திரிகையைப் பார்த்துவிட்டு, படம் மாறிப் போட்டுவிட்டார்களோ என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் பஸ் மைக்கைக் கையில் எடுத்தார். அந்த பஸ் ஒரு காலத்தில் சுற்றுலா பஸ்ஸாக ஓடியது. சுற்றுலா போய்விட்டது, மைக் மட்டும் மிஞ்சிவிட்டது. எங்கள் தலைவிதி.

"எல்லாரும் கேளுங்க," என்றார். "ராணிக்கு இதய ஆப்பரேஷன். அடுத்த மாசம்னு டேட் குடுத்திருக்காங்க. நல்லபடியா முடியணும்னு காவடி எடுக்கலாம்னு பார்த்தா, நமக்கு இடுப்பு போச்சு. அதனால முருகனுக்குத் தினம் ஒரு கவிதை. ஒரு மாசம். வேண்டுதல்னா சாட்சி வேணும்லா. நீங்கதான் சாட்சி."

ராணி அக்கா அவருடைய மனைவி. வீட்டில் தனியாக விட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அண்ணன் அவரைத் தினமும் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு வருவார். முன் இருக்கையில், ஜன்னல் ஓரம். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும் என்பதால் ராணி அக்கா பக்கத்து இடம் என்னுடையது. அந்த அக்காவுக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும், ஆனால் வாய்க்கு ஒரு நோயும் இல்லை. தம்போயிலிருந்து கெலாங் பாத்தா வரைக்கும் பஸ்ஸை ஓட்டுவது அவர்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது மட்டும் அண்ணன்.

"என்னங்க, லைட்டு சிவப்பு."

"பாத்துட்டேன்லா."

"பாத்தா ஏன் பிரேக்கு போடல?"

இது ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நடக்கும். ஸ்கூடாய் சாலையில் விளக்குகளுக்குப் பஞ்சமே கிடையாது.

அண்ணன் அறிவிப்பை முடித்ததும் பேக்கிங் பிரிவு கமலா அக்கா பெருமூச்சு விட்டார். "காவடின்னா அவரு தூக்குவாரு. கவிதைய நாமதானே தூக்கணும்."

தூக்கினோம். காவடிக்கு உண்டான எல்லா விதிகளையும் அண்ணன் எங்களுக்கும் சேர்த்து நடைமுறைப்படுத்தினார். பஸ்ஸுக்குள் மீன் மாமிசம் கூடாது. நாசி லெமாக் சோற்றில் கிடக்கும் நெத்திலியைக்கூட பஸ்ஸுக்கு வெளியே நின்று தின்றுவிட்டுத்தான் ஏற வேண்டும். கவிதை முடியும்வரை யாரும் இறங்கக்கூடாது. தொழிற்சாலை வாசல் வந்துவிட்டது, கவிதை இன்னும் வரவில்லை என்றால், வட்டச் சாலையை இன்னொரு முறை சுற்றி வருவார். அதனால் நாங்கள் வேலைக்குத் தாமதமாகப் போய், மேலாளரிடம் "கவிதை முடியல" என்று காரணம் சொன்ன கூத்தும் நடந்தது. ஜொகூர் மாநிலத்திலேயே இலக்கியத்துக்காகத் திட்டு வாங்கிய தொழிலாளர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கவிதைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. பாவம், அந்த மனிதருக்கு வாழ்நாளில் தெரிந்தது ஒரே வகைக் கவிதை. உயிருக்காக வேண்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தாலும் பேனா நேரே சுடுகாட்டுக்குப் போய்விடும். முதல் நாள் மழையைப் பற்றி எழுதினார்.

மழையே, வானத்தில் நீ இருந்தாயே
மண்ணோடு மண்ணாய் மறைந்தாயே
எங்களைத் தவிக்க விட்டுப் போனாயே
உன் பிரிவால் வாடும்: தம்போய் பஸ் பயணிகள்

மறுநாள் ரொட்டி சானாய். 'சுடச்சுட இருந்தாயே, சொல்லாமல் ஆறினாயே' என்று தொடங்கியது. எங்களோடு வரும் மலாய்க்கார அம்மா ஒருவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, அவர் தினமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் இறந்தது என்று என்னிடம் மலாயில் கேட்டார். ரொட்டி சானாய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரர் என்று சொல்லிவைத்தேன்.

வாயால் வாசித்ததோடு விட்டாரா? பஸ்ஸுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கவிதையைப் படம் போட்டு அதிலும் அனுப்புவார். அவர் கைப்பேசியில் அதற்கு ஒரே ஒரு அச்சுதான் இருந்தது, நினைவஞ்சலிக்கானது. நடுவில் எரியும் குத்துவிளக்கு, இரண்டு பக்கமும் தாமரை, மேலே படம் வைக்க ஒரு வட்டம்.

விவகாரம் அங்கேதான் வெடித்தது. கமலா அக்காவுக்கு ஒரு நாள் காய்ச்சல். எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார். அவர் இல்லாமல் காலியாகக் கிடந்த இருக்கையைப் பார்த்து அண்ணனுக்குக் கவிதை பொங்கிவிட்டது. 'இருக்கை இருக்கிறது, இருந்தவளைக் காணோமே' என்று எழுதி, வருடாந்திர விருந்தில் எடுத்த கமலா அக்காவின் படத்தை அந்த வட்டத்தில் வைத்து, விளக்கோடு குழுவில் போட்டார். யாரோ அதை அடுத்த ஷிப்டுக்கு அனுப்ப, பேக்கிங் பிரிவில் மெஷினை நிறுத்தி மௌன அஞ்சலி. எம்சி என்று தெரிந்த எனக்கே அந்த விளக்கைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் மலர்வளையத்தோடு ஒரு வேன் நிறையக் கிளம்பிப் போனோம்.

கதவைத் திறந்தது கமலா அக்கா. தலையில் துண்டு, நெற்றியில் தைலம். எங்கள் கறுப்புச் சட்டையையும் மலர்வளையத்தையும் பார்த்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினோம்.

"ஐயோ பாவம். இருங்க, நானும் வரேன்," என்று உள்ளே போய்விட்டார். புடவை மாற்றிக்கொண்டு கைப்பையோடு வந்து, வேனின் பின் இருக்கையில் பதுங்கி உட்கார்ந்தார். "நான் எம்சில இருக்கேன். சாவு வீட்டுல கம்பெனி பெரியவங்க பார்த்தா வம்பு. நான் வேனுலயே இருந்துட்டு வந்துடுறேன்." அப்புறம்தான் மலர்வளையத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்தார்.

அவர் அன்றைக்குப் பேசியதைப் பத்திரிகையில் போட முடியாது. அண்ணன் கோயிலுக்குப் போய் அவர் பெயரில் அர்ச்சனை செய்து, தேங்காய் உடைத்து, மறுநாள் மன்னிப்புக் கேட்டு ஒரு கவிதையும் வாசித்தார். 'மீண்டு வந்தாயே கமலா' என்று அழகாகத்தான் தொடங்கியது. 'என்றும் உன்னை மறவோம்' என்று முடிந்தது. கமலா அக்கா அன்றிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

பஸ்ஸே சிரித்துக்கொண்டிருந்தபோது ராணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சிவப்பு விளக்கில் அவர் வாயைத் திறந்தார். விளக்கைப் பற்றி அல்ல.

"ஊர்ல எல்லாரையும் சாகடிச்சாச்சு. எனக்கு ஒரே ஒரு கவிதை எழுதுங்க. அதுல யாரும் சாகக்கூடாது. கேட்டா சிரிப்பு வரணும். நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள கேக்கணும்."

அண்ணன் விளக்கு பச்சையானதும் பஸ்ஸை எடுக்க மறந்து, பின்னால் நின்ற லாரிக்காரனிடம் ஹார்ன் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. முருகனுக்கான கவிதை ஒரு பக்கம் தினமும் வந்துவிடும், அதற்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஒரு கவிதை மட்டும் நகராது. ஒரு நாள் மைக்கில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராணி, இது சிரிப்புக் கவிதை," என்று அறிவித்தார். முதல் வரியே 'சிரிப்பே, நீ ஏன் எங்களை விட்டுப் பிரிந்தாய்' என்றிருந்தது. ராணி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு நாள் ரோஜாப்பூவில் தொடங்கினார். மூன்றாவது வரியில் பூ உதிர்ந்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து கமலா அக்கா, "அந்தப் பூவையாச்சும் விட்டுவைங்கண்ணே," என்றார். நாங்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னோம். பூனையைப் பற்றி எழுதுங்கள் என்றேன் நான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர்கள் வீட்டுப் பூனை போன வருடம் லாரியில் அடிபட்டதாகச் சொன்னார். எனக்கு வேண்டியதுதான்.

இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவிட்டார்கள். கட்டில் காலியாகிவிட்டது, சொன்ன தேதிக்கு முன்னாலேயே வரலாம் என்று. நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் சொன்னோம். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை ராணி அக்கா பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

"இவரு நல்லாத்தான் ஓட்டுவாரு. சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டேன். நான் வர்ற வரைக்கும் லைட்ட மட்டும் நீ பார்த்துச் சொல்லும்மா," என்றார்.

சரிக்கா என்றேன். நாலைந்து நாள் வேலைதானே என்று நினைத்தேன்.

ராணி அக்கா திரும்பி வரவில்லை. ஆப்பரேஷன் முடிந்தது, கண் திறக்கவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள். எனக்கு இன்றுவரைக்கும் அது ஆறவில்லை.

துக்க வீட்டில் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, தீட்டு வந்துவிட்டது, இனி வேண்டுதலைத் தொடரக்கூடாது என்றார். அண்ணன் சரி என்று தலையாட்டினார். மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கக் கிளம்பிய பையன்கள் கவிதை கேட்டு வந்து நின்றார்கள். ஊருக்கெல்லாம் எழுதியவர், தன் மனைவிக்கு எழுதாமலா இருப்பார்? "படமும் பேரும் போதும்," என்றார். தம்போயில் அத்தனை வருடத்தில் கவிதை இல்லாமல் வந்த முதல் நினைவஞ்சலி விளம்பரம் அதுதான். படத்துக்குக் கீழே அந்த வெள்ளை இடத்தைப் பார்த்து நான் அழுதேன், மறைப்பானேன்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வேறொரு டிரைவர் வந்தார். கவிதை கிடையாது, வட்டச் சாலையில் சுற்றல் கிடையாது, நெத்திலிக்குத் தடை கிடையாது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த பஸ்ஸில் உட்காரவே பிடிக்கவில்லை. எங்களை ஒரு மாதமாகச் சித்திரவதை செய்த அந்த மைக்கை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு போனோம்.

அண்ணன் திரும்பி வந்தார். மைக்கைத் தொடவில்லை. வேண்டுதல் மாதமும் முடிந்துவிட்டது. ஜன்னல் ஓரத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை, என் கைப்பையைக்கூட நான் அதில் வைக்கவில்லை. சிவப்பு விளக்கு வரும்போதெல்லாம் பஸ் நிற்கும். அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று எங்களுக்குத் தெரியாது. ராணி அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற நான் வாயெடுப்பதற்குள் பச்சை விழுந்துவிடும்.

ஒரு காலையில் ஸ்கூடாய் சாலையில் நீளமான சிவப்பு. அண்ணன் மைக்கை எடுத்தார்.

"ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார். "இது முருகனுக்கு இல்ல. அவருக்கும் எனக்கும் இப்ப பேச்சுவார்த்தை இல்ல. இது ராணி கேட்டது."

வாசித்தார்.

லைட்டு சிவப்பு என்கிறாள்
பார்த்துவிட்டேன் என்கிறேன்
பார்த்தால் ஏன் பிரேக் போடவில்லை என்கிறாள்
போட்டுத்தான் நிற்கிறேன் என்கிறேன்
இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம் என்கிறாள்
தள்ளினால் பின்னால் லாரி என்கிறேன்
லாரியை ஏன் பின்னால் வர விட்டீர்கள் என்கிறாள்
பச்சை விழுந்தது, பஸ்ஸை எடுக்கிறேன்
அடுத்த லைட்டு தூரத்தில் தெரிகிறது
அதற்குள் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்

அவ்வளவுதான். உன் பிரிவால் வாடும் இல்லை, மறவோம் இல்லை. முதலில் சிரித்தது கமலா அக்கா. கடைசி வரிசையிலிருந்து பெரிய சிரிப்பு, அது பாதியில் உடைந்து வேறு சத்தமாக மாறியது. அப்புறம் பஸ் முழுக்கச் சிரித்தது, அழுதது, எது எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த மலாய்க்கார அம்மா மட்டும் அன்றைக்குத்தான் அழாமல் சிரித்தார். அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பச்சை விழுந்ததும் பஸ்ஸை எடுத்தார்.

அடுத்த விளக்கு வந்தது.

"அண்ணே, லைட்டு சிவப்பு," என்றேன்.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அந்த ஜன்னல் ஓரத்து இடத்தைப் பார்த்தார். "பாத்துட்டேன் தங்கச்சி," என்றார்.

"பாத்தா ஏன் பிரேக்கு போடல?"

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் அதற்குப் பிறகு கவிதை எழுதுவதில்லை. தம்போயில் இறப்பவர்கள் இப்போது வெறும் படமும் பேருமாகத்தான் பத்திரிகையில் வருகிறார்கள். நான் போன வருடம் கார் வாங்கிவிட்டேன். தவணை கட்டுகிறாய், வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறாய், ஏன் இன்னும் அந்த ஓட்டை பஸ்ஸில் போகிறாய் என்று வீட்டில் தினமும் திட்டு. காரில் போனால் வாந்தி வரும், அதனால்தான் என்று ஏதோ சொல்லி வைத்திருக்கிறேன். நான் காரில் போய்விட்டால், அந்த மனிதருக்கு லைட்டு சிவப்பு என்று யார் சொல்வது?