பின்னால் உட்கார்ந்திருந்த எலி

படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்தால் நோயாளிக்கு ஆபத்து ஜாஸ்தி. எங்கள் வீட்டில் அந்தப் படித்தவன் நான்தான்.

முகவலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பைப் பற்றி, சென்னையில் எலிகளை வைத்து ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தேன். நரம்பணுவின் மேல் ஏற்பிகள் என்று உண்டு. சில ஏற்பிகளில் ரசாயனம் வந்து ஒட்டினால் வலிச் செய்தி பாயும், வேறு சிலவற்றில் ஒட்டினால் அடங்கும். அடக்குகிற ஏற்பி சரியாக வேலை செய்யாவிட்டால், லேசாகக் காற்று பட்டாலே உயிர் போகும். சோதிப்பது சுலபம்: எலியின் கன்னத்தில் காற்று ஊதுவோம். முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்தால் வலி. (எலிகள் என்னை மன்னிக்கட்டும்.)

பட்டம் வாங்கிய கையோடு அடி அண்ணாமலைக்கு வந்தேன். கிரிவலப் பாதையில் டிபன் கடை வைத்திருக்கும் என் அக்கா, கன்னத்தில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, இந்த வெயில்ல போர்த்திக்கினு?”

“ஃபேன் காத்து பட்டாலே சுளீர்னு இழுக்குதுடா. பல்லு வெளக்க முடியல, சோறு மெல்ல முடியல.”

இப்போதாவது என் மண்டையில் உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

“சொத்தப் பல்லுக்கா. வா, புடுங்கிடலாம்.”

ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டுப் பல் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். அக்கா என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “மெதுவாடா, மெதுவாடா” என்று முனகினாள்.

“நிமிந்து ஒக்காருக்கா! நல்லா காத்து வாங்கு, வலி தெரியாது” என்று இன்னும் முறுக்கினேன். சே!

“எக்ஸ்ரேல பல்லு நல்லாத்தாங்க இருக்குது. கொஞ்ச நாள் பாக்கலாமே?” என்றார் பல் டாக்டரம்மா.

“நான் வலியில டாக்டர் பட்டம் வாங்கினவன் மேடம். எடுத்துடுங்க.”

எடுத்தார். வலி போகவில்லை. மறுவாரம் போய்ச் சண்டை போட்டுப் பக்கத்துப் பல்லையும் எடுக்க வைத்தேன். அதற்கும் போகவில்லை. அக்கா சாப்பாட்டைக் கண்டாலே அழ ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர்.

“காத்து பட்டா வலிக்குதாம்மா?”

“ஆமாங்க.”

“கரண்ட் அடிச்ச மாதிரி வந்து வந்து போகுதா?”

“அதேதாங்க!”

“இது பல்லு இல்லம்மா, முகத்து நரம்பு வலி. மாத்திரையில நல்லா கம்மியாகும்.” என் பக்கம் திரும்பி, “சார் என்ன பண்றீங்க?” என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். “என் தம்பிங்க. மூஞ்சி வலியிலதான் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கான்.” பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் தலையைக் குனிந்து ஏதோ எழுத ஆரம்பித்தார். அப்படியே அந்த மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். “எலிக்கு வலிக்குதுன்னு எப்டிடா கண்டுபுடிப்பீங்க?”

“மூஞ்சில காத்து ஊதுவோம்க்கா.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

மாத்திரை கேட்டது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், ஒரு பக்கமாக மட்டும். போன இரண்டு பல்லும் நல்ல பல்.

இன்றைக்கும் நான் அவளை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினால் போதும், கடையில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லுவாள்: “டேய், அக்கான்னு நெனச்சா வேகமாத்தான் ஓட்டுவ. பின்னாடி எலி ஒக்காந்திருக்குதுன்னு நெனச்சுக்கினு ஓட்டு.”