காத்தாயி முகத்துக்குப் பட்டாணி அளவு

ஒரு காட்டில் எருமை ஒருத்தி இருந்தாள். இருந்தாள் என்று நான் சொல்கிறேன், காடே சொல்கிறது. ஆபீஸ் மெஷின் மட்டும் அப்படி யாரும் கிடையாது என்று சாதித்தது. கதையே அதுதான்.

எருமையின் பெயர் காத்தாயி. வேலை, குளக்கரை அனுமதி அலுவலகத்தில். அந்தக் காட்டில் தாகம் எடுத்தால் நேரே போய்த் தண்ணீர் குடித்துவிட முடியாது. படிவம் வாங்கி, எந்தக் கரை, எத்தனை மடக்கு, காரணம் என்ன என்றெல்லாம் நிரப்பி, வரிசையில் நின்று காத்தாயியிடம் நீட்ட வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'தாகம்' என்று மட்டும் எழுதினால் 'விளக்கமாக எழுதவும்' என்று திரும்பி வரும். எல்லாம் சரியாக இருந்தால் காத்தாயி குளம்பை மையில் தோய்த்து ஓங்கி ஒரு குத்துக் குத்துவாள். அதுதான் அனுமதி.

இதில் கொடுமை என்னவென்றால், ஊருக்கெல்லாம் குளத்தில் இறங்கச் சீட்டுக் கொடுத்த காத்தாயிக்குக் குளத்தில் இறங்க அனுமதி இல்லை. அவள் தற்காலிக ஊழியர். தற்காலிக ஊழியர் சேற்றில் படுக்கக் கூடாது என்று விதி. வேலை நிரந்தரமானால்தான் சேற்றில் ஒரு இடம் ஒதுக்குவார்கள். பதினோரு மாதமாக ஒரு எருமை உடம்பில் சேறு படாமல் இருக்கிறாள், யோசித்துப் பாருங்கள். சொல்லும்போதே எனக்கு முதுகு அரிக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை அவளுடைய நிரந்தர உத்தரவில் இயக்குநர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. இயக்குநர் யார் என்று கேட்கிறீர்களா? புலிதான். வேறு யாரை வைப்பார்கள்? காத்தாயி வடக்கு மூலையில், புங்க மரத்து நிழல் விழுகிற இடமாகப் பார்த்து, எப்படிப் படுப்பது, எந்தப் பக்கம் புரள்வது என்பது வரைக்கும் முடிவுசெய்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால் வாசலில் ஒரு மெஷின். இனிமேல் வருகைப் பதிவேடு கிடையாதாம். மெஷினுக்கு முகத்தைக் காட்ட வேண்டும், அது பார்த்து ஒத்துக்கொண்டால் வந்ததாகக் கணக்கு. பக்கத்திலேயே ஒரு அறிவிப்பு: ஒரே வாரத்தில் மூன்று நாள் முகம் பதியாவிட்டால் பெயர் நீக்கப்படும். மெஷினைக் கையால் தொட்டால் அன்றே பெயர் நீக்கப்படும். இப்படிக்கு, புலி.

புலிக்கு அது பொருந்துமா? அவர் பதினோரு மணிக்கு வந்தார். மெஷின் பக்கம் திரும்பக்கூட இல்லை. மெஷின் பாவம், வால் போவதை மட்டும் பார்த்துவிட்டு "முகம் தெரியவில்லை" என்றது. ஒரு உறுமல்! சூப்பிரண்டு ஞானமுத்து நாரை விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து, மெஷினுக்கு முகத்தைக் காட்டி, வாயால் சொல்லியே அதன் அமைப்பை அங்கேயே மாற்றினார். அதன்படி, பாதி முகம் தெரிந்தால் அது யாரோ ஊழியர், திருப்பி அனுப்பு. முகமே தெரியாவிட்டால் அது இயக்குநர், வணக்கம் சொல். நிர்வாகம் என்றால் சும்மாவா!

காத்தாயியின் கஷ்டகாலம், அவள் முகம் சரியாகப் பாதிதான் தெரிந்தது. நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடிந்து பளபளவென்று இருந்தன. கன்னம் இரண்டும் சேறு காணாமல் காய்ந்து, பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி பொருக்குப் பொருக்காக உரிந்தன. மேலே வெளிச்சம் பட்டுத் தெறித்தது. கீழே ஒரே வெள்ளை. "முகம் தெளிவாக இல்லை. மீண்டும் முயற்சிக்கவும்" என்றது மெஷின். அவள் பதினாறு தடவை முயற்சித்தாள்.

"சூப்பிரண்டு சார், நான்தான் காத்தாயி. உங்க முன்னாலதானே நிக்கிறேன்?"

"எனக்குத் தெரியுதும்மா. மெஷினுக்குத் தெரியலையே" என்றார் நாரை. "அப்சென்ட் போட்டுட்டேன். உள்ள போய் வேலையைப் பாரு."

பார்த்தீர்களா? அப்சென்ட், ஆனால் வேலை பார்க்கலாம்.

பக்கத்து மேசை ஏகாம்பரம் ஒரு பச்சோந்தி. காலையில் பச்சை, மத்தியானம் பழுப்பு, வீட்டுக்குப் போகும்போது மஞ்சள். அவரை மெஷின் ஒரே பார்வையில் உள்ளே விட்டுவிட்டது.

"உங்களை மட்டும் எப்படிங்க ஒத்துக்கிச்சு?" என்று வயிற்றெரிச்சலோடு கேட்டாள் காத்தாயி.

"நான் மெஷின் கலருக்கே மாறிடுவேன்மா. அது தன்னையே பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டு விட்டுடும். உனக்கு அதெல்லாம் வராது. நீ சுகந்தி கடைக்குப் போ."

சுகந்தி ஒரு புனுகுப் பூனை. காட்டில் வாசனை என்றாலே அவள்தான். இலுப்பை மரத்தடியில் அழகுக் கடை வைத்திருந்தாள். சாயங்காலம் காத்தாயி வாசலில் போய் நின்றதும் கடைக்குள் பாதி இருட்டாகிவிட்டது.

"முகத்துக்குத் தினமும் போடற மாதிரி ஏதாவது க்ரீம் வேணும் சுகந்தி."

சுகந்தி சிரிப்பை அடக்கினாள். முழுசாக அடக்கவில்லை. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. எருமைத் தோலுக்கு லைட்டா போட்டா எங்கே ஏறும்? கனமா போடணும். காண்டாமிருகம் அக்கா மாசா மாசம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க." பெரிய டின் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காத்தாயி அதை அப்பிக்கொண்டு வந்தாள். க்ரீம் உள்ளே இறங்கவில்லை. மேலேயே உட்கார்ந்துகொண்டு, வழியில் பறந்த தூசி, பஞ்சு, இரண்டு ஈ என்று கண்டதையும் சேர்த்துக்கொண்டது. மூக்கிலும் நெற்றியிலும் ஏற்கெனவே இருந்த எண்ணெயோடு இதுவும் கூட்டுச் சேர்ந்தது. படிவ வரிசையில் நின்ற குரங்கு ஒன்று அவள் நெற்றியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டது.

மெஷின் அவளைப் பார்த்து, "தயவுசெய்து விளக்கை அணைக்கவும்" என்றது.

இரண்டாவது அப்சென்ட். வரிசையே சிரித்தது. "எருமைத் தோல்தானே, ஒண்ணும் உறைக்காது" என்று யாரோ சொன்னார்கள். உறைத்தது. நன்றாகவே உறைத்தது. அன்று முழுக்க அவள் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே குத்திய குத்தில் மூன்று முயல்களின் படிவம் கிழிந்தது.

சாயங்காலம் சுகந்தி கடைக்குப் போய் டின்னைத் தொப்பென்று வைத்தாள்.

"இதோ பாரு சுகந்தி. எனக்குத் தோல் தடிமன்தான், இல்லேன்னு சொல்லலை. அதுக்காக என் மூஞ்சியைப் பார்க்காமலே மருந்து கொடுப்பியா? நாளைக்கும் மெஷின் ஒத்துக்கலேன்னா என் வேலை போச்சு. வேலை போனா சேறு போச்சு. பதினோரு மாசம்டி!"

சுகந்திக்கு முகம் தொங்கிவிட்டது. உண்மையிலேயே வெட்கப்பட்டாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். முக்காலி போட்டு ஏறி, காத்தாயியின் முகத்தை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தாள். நெற்றியில் ஒரு மெல்லிய இலையை ஒற்றி எடுத்தாள், இலையில் எண்ணெய். கன்னத்தில் ஒற்றினாள், இலையில் பொருக்கு.

"அட, உங்களுக்குக் காம்பினேஷன் ஸ்கின் அக்கா."

"அப்படின்னா?"

"மேல எண்ணெய், கன்னம் வறட்சி. ரெண்டும் ஒரே முகத்துல."

"ரெண்டுக்கும் ரெண்டு க்ரீமா?"

"வேண்டாம். தண்ணியா, ஜெல் மாதிரி, லைட்டா ஒண்ணு போதும். போட்டதும் உள்ள இறங்கிடணும். ஒட்டக் கூடாது, மினுக்கக் கூடாது, எண்ணெய் சேர்க்கக் கூடாது. கன்னத்துல கொஞ்சம் கூட, நெற்றியில பட்டும் படாம." சின்ன டியூப் ஒன்றை எடுத்தாள். "முதல்ல காதுக்குப் பின்னால தடவி ஒரு நாள் பார்க்கணும். அரிக்குதா, தடிக்குதான்னு."

"ஒரு நாளா? எனக்கு இருக்கிறதே நாளைக் காலை ஒண்ணுதான்."

"அப்போ பிள்ளையார் சுழி போட்டுட்டு நேரா முகத்துக்கே போடுங்க. பட்டாணி அளவு."

காத்தாயி தன் முகத்தை நினைத்தாள், பட்டாணியை நினைத்தாள். "எத்தனை பட்டாணி?" என்று கேட்டாள். கேட்டதில் என்ன தப்பு? பத்தொன்பது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை. மை நிரப்புவது தற்காலிக ஊழியரின் வேலை என்பதால், எப்போதும்போல எல்லோருக்கும் முன்னால் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். க்ரீம் அருமையான க்ரீம். கன்னம் குளிர்ந்திருந்தது, நெற்றி மினுக்கவில்லை. வழியில் ஒரு குட்டையில் தன் முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டாள். இந்தக் கதை நியாயமான கதையாக இருந்தால் மெஷின் அவளை அடையாளம் கண்டு, எல்லாம் சுபம் என்று இங்கேயே முடிந்திருக்கும்.

"அருகில் வரவும்" என்றது மெஷின். போனாள்.

"இன்னும் அருகில் வரவும்." போனாள்.

"இன்னும் அருகில் வரவும்."

இதற்கு மேல் எங்கே போவது? மூக்கு மெஷினின் கண்ணாடியில் போய் இடித்துக்கொண்டது. எருமை மூக்கு லேசுப்பட்டதா? மெஷினின் கண்ணை முழுக்க மூடிவிட்டது. பதறிப்போய் விலகினாள். மூக்கில் காயாமல் இருந்த ஒரு பட்டாணி க்ரீம் அப்படியே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. மெஷினுக்கு இப்போது பாதி முகமும் தெரியவில்லை, கால் முகமும் தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை.

"வணக்கம், இயக்குநர் அவர்களே!" என்றது.

காத்தாயி திரும்பிப் பார்த்தாள். புலி வந்துவிட்டாரோ என்று பயம். யாரும் இல்லை. துடைக்கலாம் என்று குளம்பைத் தூக்கினாள், அறிவிப்பைப் படித்தாள், இறக்கிவிட்டாள். மெஷினைக் கையால்தான் தொடக் கூடாது. மூக்கைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை. வாயைத் திறக்காமல் உள்ளே போய் மை நிரப்பினாள்.

ஒன்பது மணிக்கு ஏகாம்பரம் வந்தார். மெஷின் கலருக்கு மாறி நின்றார். "இயக்குநர் ஏற்கெனவே வந்துவிட்டார்" என்றது மெஷின். நீலம், சிவப்பு, புள்ளி போட்டது என்று எல்லாக் கலரும் மாறிப் பார்த்தார். "இயக்குநர் ஏற்கெனவே வந்துவிட்டார்." அடுத்து வந்த எல்லோருக்கும் அதே பதில். நாரை அமைப்பை மாற்றலாம் என்று பார்த்தார். மாற்ற வேண்டுமானால் முதலில் மெஷினுக்கு முகத்தைக் காட்ட வேண்டுமாம். காட்டினார். "இயக்குநர் ஏற்கெனவே வந்துவிட்டார்." துடைத்துவிடலாம்தான். தொட்டால் வேலை போகும் என்று எழுதி ஒட்டியதே அவர் கைதானே!

பதினோரு மணிக்குப் புலி வந்து, வழக்கம்போலத் திரும்பாமல் போனார். மெஷின் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைய கணக்குப்படி அலுவலகத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர். ஏழு மணி இரண்டு நிமிஷத்துக்கு வந்த இயக்குநர்.

வியாழக்கிழமை மெஷின் கூப்பிடுவதற்கு முன்பே காத்தாயி மூக்கை வைத்தாள். முகத்துக்குப் பதினெட்டு, கண்ணாடிக்கு ஒன்று. புதன்கிழமை நடந்தது தற்செயல். வியாழக்கிழமை நடந்ததற்கு என்னிடம் சமாதானம் இல்லை, அவளிடமும் இல்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாரை பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று நாள் வராதவர் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். காத்தாயியை அடித்தார். ஏகாம்பரத்தை அடித்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பெயரையும் அடித்தார். அப்போதுதான் புலி உள்ளே வந்தார்.

"சார், உங்க பேரும் இதுல இருக்கு."

"என்னய்யா உளர்றே? நான்தான் புலி. கண்ணு தெரியலையா?"

"எனக்குத் தெரியுதுங்க" என்றார் நாரை தலையைத் தொங்கப்போட்டு. "மெஷினுக்குத் தெரியலையே. அது கணக்குல இயக்குநர் மூணு நாளும் ஏழு மணிக்கே வந்துட்டார். நீங்க போட்ட ரூல் சார்."

"அப்போ இயக்குநர் யாரு?"

எல்லோரும் காத்தாயியைப் பார்த்தார்கள். மூன்று நாளும் ஏழு மணிக்கு வந்திருந்தது அவள் ஒருத்திதானே? ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். புலியும் நினைத்தார். ஆனால் இயக்குநரை முறைத்துப் பார்த்தாலே மூன்று தலைமுறைக்குத் தண்ணீர் கிடையாது என்று போன வருஷம் சுற்றறிக்கை விட்டதே அவர்தான். நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

காத்தாயி நடுங்கிக்கொண்டேதான் எழுந்தாள். பட்டியலில் பெயர் அடிக்கப்பட்ட காத்தாயி என்ற தற்காலிக ஊழியரின் நிரந்தர உத்தரவை எடுத்தாள். இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குளம்பால் ஓங்கி ஒரு குத்து. நடுக்கம் நின்றுவிட்டது. நேரே வடக்கு மூலைக்குப் போய், புங்க மர நிழலில், சேற்றில் தொபுக்கென்று விழுந்தாள். அவள் விட்ட பெருமூச்சில் குளத்துத் தவளையெல்லாம் கரையேறிவிட்டன. எனக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது, போங்கள்.

இனி மெஷினைத் தூக்கிப் போட்டிருப்பாள், படிவத்தைக் கிழித்திருப்பாள், எல்லோரும் இஷ்டம்போலத் தண்ணீர் குடித்திருப்பார்கள் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? நல்ல ஆளய்யா நீங்கள். மெஷின் இன்னும் வாசலில்தான் இருக்கிறது. படிவத்தில் ஒரு பக்கம் கூடியிருக்கிறது. நாரையையும் ஏகாம்பரத்தையும் தற்காலிகமாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வருகையெல்லாம் அவள் வாய்மொழியாகச் சொல்வதுதான். சேற்றில் புரண்டு புரண்டு கன்னமும் நெற்றியும் ஒரே சீராகிவிட்டன, முகத்துக்கு இப்போது க்ரீமே தேவையில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் சுகந்தியிடம் ஒரு டியூப் வாங்குகிறாள்.

போன வாரம் புலி வரிசையில் நின்று படிவம் நீட்டினார். தண்ணீர் பார்த்து நாளாகி, நெற்றியில் எண்ணெய் வடிய, கன்னத்தில் கோடெல்லாம் உரிந்துகொண்டிருந்தன. காரணம் என்ற இடத்தில் 'தாகம்' என்று எழுதியிருந்தார்.

"விளக்கமா எழுதணும் சார்" என்றாள் காத்தாயி. பிறகு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. "உங்களுக்குக் காம்பினேஷன் ஸ்கின் சார். லைட்டா ஏதாவது போடுங்க."

நீதி: எண்ணெயும் வறட்சியும் கலந்த முகத்துக்கு லைட்டான க்ரீம்தான் நல்லது. தினமும் காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன், பட்டாணி அளவு எடுத்து, உங்கள் முகத்தைப் பார்க்கிறவரின் கண்ணில் தடவவும்.